வானொலி அஞ்சல் நிலையம் ஆக்கலும் அளந்தறிதலும்

அஞ்சல் என்னுஞ் சொல்லை நாம் இன்று பெரும்பாலுங் கடிதத்தோடு சேர்த்தே வழங்குகின்றோம். ஆயினும் நம் விளையாட்டுப் போட்டிகளில் நடைபெறும் அஞ்சலோட்டம் அச்சொல்லின் பொருளை இன்னுந் தெளிவாகக் காட்டி நிற்கின்றது. ஒருவன் கோலை ஏந்தி ஓடிக் களைத்து வருகின்றான். எல்லையில் நிற்கும் மற்றவன் அதனை வாங்கிப் புதுமூச்சோடு ஓடுகின்றான். வானொலியிலும் இத்தகைய ஓர் ஏற்பாடு உண்டு. தொலைவிலிருந்து மெலிந்து வருஞ் சைகையை உயர்ந்த ஓரிடத்தில் வாங்கி, அதே கணத்தில் வேறொரு மீடிறனிற் புதுவலுவோடு செலுத்தும் நிலையத்தை அமெச்சூர் வானொலியார் ரிப்பீற்றர் என்பர். நாம் அதனை இங்கு அஞ்சல் நிலையம் என்றே வழங்குவாம். ஓட்டக்காரனுக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே. அவன் வாங்கியபின் ஓடுகின்றான். இதுவோ வாங்கிக்கொண்டே கொடுத்தல் வேண்டும். பேசும்போதே கேட்டலும் வேண்டும் என்னும் இவ்வொரு நிபந்தனையிலேதான் இக்கருவியின் அருமை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

தமிழாசிரியர் கம்பியையும் ஈயத்தையும் பற்றி எழுதப் புகுந்தது எற்றுக்கு என்று பழைய மாணவர் சிலர் நகைத்தலுங் கூடும். இலக்கணக் கட்டுரை ஒன்றே மலர்க் குழுவினர் எம்மிடம் எதிர்பார்த்தது. ஆயினும் வானொலியில் விருப்புள்ள மாணவர் இத்துறையிற் படித்தற்குரியது யாவும் ஆங்கிலத்தில் இருத்தலையும், படியாது தொடங்கி இடைவழியிற் கைவிடுதலையும் நாம் கண்டிருக்கின்றோம். கற்றறிந்தவற்றையும், செய்வோர் மேசையருகே நின்று பார்த்தறிந்தவற்றையும் தமிழில் ஒழுங்குபடுத்திக் கூறுதல் எம் தொழிலுக்குப் புறம்பானதன்று.

இதன் தேவையை நம் நாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் வடபகுதியையும் தாக்கியது. 1978 நவெம்பரில் மட்டக்களப்பு புயலால் நொந்தது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோரங்களை விழுங்கியபோது தொலைபேசித் தொடர்புகள் பல இடங்களில் அற்றுப்போயின. அப்போது இலங்கை வானொலிச் சங்கத்து அமெச்சூர் அன்பர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலையிற் செய்தித் தொடர்பு ஏற்படுத்தினர். நெடுந்தூரத்துக்குச் சிற்றலை போதும். அதற்கு அஞ்சல் நிலையம் வேண்டுவதில்லை. ஆனால் ஒரு கிராமத்தில் நிற்குந் தொண்டன் கையடக்கக் கருவி ஒன்றைக்கொண்டு 20, 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வைத்தியசாலையோடு பேசவேண்டுமாயின், அவனுக்கு மிகவுயர் மீடிறனும் அம்மீடிறனுக்கு ஓர் அஞ்சல் நிலையமும் இன்றியமையாதன.

மிகவுயர் மீடிறன் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வன. பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். ஏரியலின் உயரத்தை மீற்றரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்கின், அவ்வேரியலுக்குரிய வானொலி அடிவானத்தின் தூரம் கிலோமீற்றரில் வரும். நிலத்தில் நிற்பவன் கையிலுள்ள கருவி ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் அதற்கு 5 கிலோமீற்றர். இத்தகைய இருவர் சமநிலத்திற் பேசக்கூடிய எல்லை 10 கிலோமீற்றர். மரங்களும் வீடுகளும் இதனையுங் குறைக்கும். 20 மீற்றர் உயர்ந்த பனையின் தலைக்கு ஏரியலை ஏற்றினால் 18 கிலோமீற்றருக்கு மேல். கையாளின் 5 ஐயும் கூட்டினால் 23 ஆகும். ஆகவே அப்பனைக்கு இருபுறமும் எதிரெதிராக நிற்கும் இருவர் 46 கிலோமீற்றர் இடைவெளியிற் பேசுதல் கூடும். மலைநாட்டார் இவ்வகையிற் பாக்கியசாலிகள். பீதுருதாலகாலையின் 2,524 மீற்றர் உயரத்துக்கு இக்கணக்கு 207 கிலோமீற்றர் என்று காட்டும். மலையில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாம் கோபுரத்தையே நம்பவேண்டும்.

இனிக் கருவிக்கு வருவாம். அமெச்சூர் வானொலியார் அஞ்சல் நிலையத்தைப் பெரும்பாலும் புதிதாக வாங்குவதில்லை. பிறர் கழித்தவற்றை மாற்றியே ஆக்குவர். இது நம் நாட்டுக்குப் புதிய வழக்கமுமன்று. 1920களிற் கொழும்பில் எட்வேட் ஹாப்பர் என்னும் தந்திப் பகுதிப் பொறியியலாளர் பரிசோதனை ஒலிபரப்பை நடத்திய செலுத்தி, பிடிபட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பகுதிகளைக் கொண்டு ஆக்கப்பட்டது. வாடகைக் கார்களிலும் பொலிசு வண்டிகளிலும் பூட்டப்பட்டிருந்த வானொலிப் பெட்டிகள் பிற்காலத்தில் அமெச்சூர்களின் கைக்கு வந்தன. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் மாஸ்ரர் இரண்டு, மோட்டரோலாவின் மைக்கோர் என்பன இவ்வாறு அஞ்சல் நிலையங்களாகப் புத்துயிர் பெற்றவற்றுட் பேர்போனவை. இக்காலத்தில் மோட்டரோலா ஜீஎம் 300 போன்ற இரு பெட்டிகளை ஒன்றன் முதுகோடொன்றாகப் பிணைத்து, ஒன்றை வாங்கியாகவும் மற்றதைச் செலுத்தியாகவும் அமைப்போர் பலர்.

வண்டிப் பெட்டி ஒன்றை மாற்றுவோர் முதலில் அறியவேண்டியது, அது ஒரு நேரத்தில் ஒரு தொழிலைச் செய்தற்கே ஆக்கப்பட்டது என்பதாம். அதனுள் ஒரு ரிலே ஆளி ஏரியலை வாங்கிக்கும் செலுத்திக்கும் மாறிமாறி இணைக்கும். அதனை நீக்கி இரண்டுக்கும் தனித்தனி வாயில் அமைத்தல் வேண்டும். சைகை வரும்போது வாங்கியின் இரைச்சல் அடைப்பான் திறக்கின்றது. அத்திறப்பைக் காட்டும் அழுத்தத்தை வெளியே எடுத்து, அதுகொண்டு செலுத்தியை இயக்குதல் வேண்டும். ஒரே உலோகப் பெட்டிக்குள் இரண்டையும் வைத்துக்கொள்ளாது இரு பெட்டிகளாகப் பிரித்தலே நன்று. வண்டியிற் பேசுவோன் அரை நிமிடம் பேசி ஐந்து நிமிடம் ஓய்வான். அஞ்சல் நிலையத்துக்கு அவ்வோய்வு இல்லை. ஆதலின் 50 உவாற்றுக்கு அமைந்த செலுத்தியை 20 அல்லது 25 உவாற்றுக்குக் குறைத்து, வெப்பம் பரப்புந் தகட்டுக்கு விசிறியும் பூட்டுக. வலுவைக் குறைத்தால் நிலையம் எட்டாது என்று மாணவர் முறையிடுவர். அது பிழை என்பது பின்னர்த் தெளிவாகும்.

இதுகாறுங் கூறியவை ஓரிரு சனிக்கிழமைகளில் முடிந்துவிடும். அருமையான பகுதி இனியே வருகின்றது.

உதாரணமாக, நம் நிலையம் 145.000 மெகாஏட்சில் வாங்கி 145.600 மெகாஏட்சிற் செலுத்துகின்றது என்று கொள்வாம். 2 மீற்றர் அலைவரிசையில் இவ்விரண்டுக்கும் இடையே 600 கிலோஏட்சு வைத்தல் வழக்கம். மீடிறன் வேறாயிருத்தலின் ஒன்றையொன்று தடுக்காது என்று எண்ணுதல் இயல்பே. கணக்கிட்டுப் பார்ப்பாம். நல்ல வாங்கி 50 ஓம் வாயிலில் 0.25 மைக்குரோவோற்று உள்ள சைகையைக் கேட்கும். பக்கத்திலுள்ள செலுத்தி 25 உவாற்று வலுவைப் பரப்புகின்றது. செலுத்தியின் வலு அந்த மெல்லிய சைகையின் வலுவைப் போல் எத்தனை மடங்கு? இருநூறு கோடியை ஒரு கோடியாற் பெருக்கி வரும் எண்ணே விடை. தெசிபெல்லிற் கூறின் 163. திருவிழாவில் ஒலிபெருக்கியின் வாயிற் காதை வைத்துக்கொண்டு, அடுத்த வீதியில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்கவேண்டியவன் நிலையும் இதனிலும் எளிது.

இத்துன்பம் இரண்டு வழியில் வருகின்றது. இரண்டையும் பிரித்தறியாதார் பல மாதங்களை வீணாக்குவர். முதலாவது வழி, செலுத்தியின் பேரலை வாங்கியின் முன்வாயிலிற் புகுந்து அதனைத் திணறடித்தல். அப்பேரலையின் மீடிறன் 145.600. ஆகவே வாங்கியின் முன்னே அம்மீடிறனைத் தடுக்கும் வடி ஒன்றை வைத்தால் இது தீரும். இரண்டாவது வழி நுட்பமானது. எந்தச் செலுத்தியும் தனக்குரிய மீடிறனில் மட்டும் தூய்மையாகப் பேசுவதில்லை. அதன் இருமருங்கிலும் மெல்லிய இரைச்சல் படர்ந்திருக்கும். அவ்விரைச்சலில் ஒரு பங்கு 145.000 மெகாஏட்சிலேயே விழுகின்றது. அது வாங்கி கேட்கவேண்டிய மீடிறனேயாதலின், வாங்கியின் வாயிலில் எத்தனை வடி வைத்தாலும் அதனைத் தடுத்தல் இயலாது; தடுத்தால் வரவேண்டிய சைகையும் உடன் தடைப்படும். இதற்குரிய மருந்து செலுத்தியின் பக்கத்திலேயே இடப்படுதல் வேண்டும். செலுத்தியிலிருந்து வெளியேறுமுன்பே 145.000 ஐ அடைக்கும் வடி ஒன்றை அங்கு வைக்கவேண்டும். வாங்கிப் பக்கத்தில் வடிமேல் வடி அடுக்கி, செவிட்டுத்தன்மை நீங்கவில்லையே என்று வருந்துவோர் பலர். பளிங்கினால் மீடிறன் நிலைநிறுத்தப்பட்ட பழைய பெட்டிகள் சில, இக்காலச் சிறு கருவிகள் பலவற்றைக் காட்டிலும் இவ்விரைச்சலிற் குறைந்தவை. பழையன கழிதல் எப்போதும் நன்றாகாது போலும்.

இரு பக்கத்து வடிகளையும் ஒன்றாக்கி, ஒரே ஏரியலுக்கு இணைக்கும் அமைப்பையே டியூப்பிளெக்சர் என்பர். பார்வைக்கு அது வரிசையாக நிறுத்திய பெரும் பேணிகள் போன்றது. ஒவ்வொரு பேணியும் ஒரு பரிவுக் குழி. அதனுள்ளே கால் அலைநீளமுள்ள ஒரு கோல். 145 மெகாஏட்சில் அலைநீளம் ஏறத்தாழ 2.07 மீற்றர் ஆதலின், கால் அலைநீளம் 52 சதமமீற்றராகும். ஒரு முழத்துக்குச் சற்று மேல். நான்கு அல்லது ஆறு பேணிகள் பயன்படும். 80 முதல் 90 தெசிபெல் வரை ஒதுக்கந் தரும் டியூப்பிளெக்சர் நம் நிலையத்துக்குப் போதும். 163 தெசிபெல் வேண்டாவா என்று கேட்பின், வாங்கி தானும் தன் உள்வடிகளால் அயல் மீடிறனை ஒதுக்குகின்றது; எஞ்சிய பங்கையே பேணிகள் சுமக்கின்றன. இவ்வுதவி இனாமன்று. செல்லும் வழியிலே ஒன்றரைத் தெசிபெல் இழப்பு ஏற்படின், செலுத்தியின் 25 உவாற்றில் 18 அளவே ஏரியலைச் சேரும்.

செப்புக் குழாயும் ஈயப்பற்றும் கொண்டு இப்பேணிகளை வீட்டிலே செய்துகொள்வோர் உளர். குழியின் உட்சுவர் மினுக்கமாகவும், பொருத்துகள் இடைவெளியின்றியும் இருத்தல் வேண்டும். ஏனெனில் மிகவுயர் மீடிறன் மின்னோட்டம் உலோகத்தின் தோலிலேயே ஓடுவது. கோலைச் செப்பினாற் செய்வோர் வெப்பத்தை மறத்தலாகாது. செப்பு ஒரு பாகை செல்சியசு வெப்பம் ஏற, பத்து இலட்சத்துக்கு 17 பங்கு நீளும். தகரக்கூரைக் கொட்டகையில் விடியலுக்கும் நடுப்பகலுக்கும் 20 பாகை வேறுபாடு ஏற்படுமாயின், குழியின் பரிவு 49 கிலோஏட்சு அளவு கீழே நகரும். 600 கிலோஏட்சு இடைவெளியில் இஃது அற்பமன்று. காலையில் நன்றாகக் கேட்ட நிலையம் மத்தியானத்திற் செவிடாவதன் காரணங்களுள் ஒன்று இதுவே. கம்பனிகள் ஆக்கும் குழிகளில் இன்வார் என்னுங் கலப்புலோகத்தைக் கோலில் இடுவது இதனாலேயே. அது வெப்பத்தால் மிகச் சிறிதே நீளும்.

பேணிகளை விரும்பாதார் இரண்டு ஏரியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெடுந்தூரத்தில் நிறுத்துதலும் உண்டு. 20 மீற்றர் நிலைக்குத்து இடைவெளி ஏறத்தாழ 65 தெசிபெல் ஒதுக்கந் தரும். ஆயினும் அத்துணை உயர்ந்த கோபுரம் உடையார் எத்துணைப் பேர்? முற்றிலும் வேறோர் அலைவரிசையில் வாங்குதலே எளிய வழியாம். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் 2020 செத்தெம்பரில் இயக்கப்பட்ட அமெச்சூர் அஞ்சற் கருவி 145.990 மெகாஏட்சில் வாங்கி 437.800 மெகாஏட்சிற் செலுத்துவது. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாதலின் பாரமான பேணிகளை விண்ணுக்கு ஏற்றவேண்டிய தேவை நேரவில்லை. விண்ணைப் பற்றிப் பேச்செழுந்தமையின் ஒன்று கூறிவைப்பாம். பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் அஞ்சல் நிலையங்களை நிறுத்தலாம் என்று 1945 இல் எழுதிய ஆதர் சி. கிளாக், 1956 முதல் 2008 இல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். அத்தகைய உயரத்தில் அமெச்சூர்களுக்கென ஓர் அஞ்சற் கருவியும் 2018 நவெம்பரில் ஏவப்பட்ட எஸ்ஹெய்ல் 2 என்னுஞ் செய்மதியோடு சென்றது. நம் தீவிலிருந்து மேற்கு வானில் அது தோன்றும் திசைக்குக் கிண்ண ஏரியலைத் திருப்பினால் அதன் ஒலியைக் கேட்கலாம்.

ஒலிப்பாதை பற்றிச் சில சொல்வாம். மீடிறன் மட்டிசைப்பிற் பேசுவோர், செலுத்தும்போது உச்ச ஓசைகளை உயர்த்தி, வாங்கும்போது அவற்றைத் தாழ்த்துவது வழக்கம். வாங்கியின் ஒலிபெருக்கி முனையிலிருந்து எடுக்கும் ஒலி ஏற்கெனவே தாழ்த்தப்பட்டது. அதனை உயர்த்தாத வாயிலிற் செலுத்தியுட் புகுத்தினால், பானைக்குள் வாய் வைத்துப் பேசுவது போன்ற குரல் வெளிவரும். மாறாக, தாழ்த்தப்படாத ஒலியை உயர்த்தும் வாயிலிற் கொடுத்தால் கூரிய கீச்சொலியாகும். எம்முனையிலிருந்து எடுத்து எம்முனையிற் கொடுக்கின்றோம் என்று வரைபடத்திற் பார்த்துத் துணிக. விலகல் 5 கிலோஏட்சுக்கு மேற்படாதவாறு நிறுத்துக. ஒடுங்கிய தடங்களில் 2.5.

கட்டுப்பாட்டுப் பகுதி இக்காலத்திற் சிறு கணிப்பொறிப் பலகை ஒன்றினால் முடிகின்றது. நிலையத்தின் அழைப்புக் குறியை மோர்சு ஒலியிற் கூறுதல், ஒருவர் ஆளியை அழுத்தியபடி மறந்திருப்பின் மூன்று நிமிடத்திற் செலுத்தியை நிறுத்துதல், 67 ஏட்சு முதலிய தாழ்ந்த அடையாள ஓசை உள்ள சைகைக்கு மட்டுந் திறத்தல் என்பன அதன் கடமைகள். அனுமதிப்பத்திரம் பெறாது ஏரியலிற் செலுத்தலாகாது என்பதை மாணவர் மறவற்க. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கிடைக்கும் வரை போலிச் சுமையே துணை.

இனி அளந்தறிதல். குழியை இசைத்தற்கு முற்காலத்தில் விலையுயர்ந்த கருவிகள் வேண்டப்பட்டன. இக்காலத்தில் நானோ விஎன்ஏ என்னுங் கையடக்கக் கருவி மாணவருக்கும் எட்டும் விலையிற் கிடைக்கின்றது. ஆனால் அது இம்மீடிறனில் ஏறத்தாழ 70 தெசிபெல் ஆழமே பார்க்கவல்லது. 90 தெசிபெல் தரும் டியூப்பிளெக்சரை அதனால் முழுமையாக அளக்கப் புகுந்தால், கிணற்றின் அடியைக் காணாது கயிற்றின் நுனியையே அடி என்று கொண்டவர் ஆவோம். ஒவ்வொரு குழியையும் தனித்தனியே கழற்றி, தடுக்கும் மீடிறனில் 25, 30 தெசிபெல் ஆழம் வருமாறு இசைத்து, பின்னர் ஒன்றுசேர்க்க. சேர்த்தபின் சைகைப் பிறப்பாக்கியும் நல்ல வாங்கியும் கொண்டு இறுதித் திருத்தஞ் செய்க.

இவ்வளவுஞ் செய்தும், நிலையம் பேசும்போது கேட்கின்றதா என்பதை ஒரே ஒரு சோதனைதான் கூறும். ஏரியலுக்குச் செல்லும் வடத்தில், மிகச் சிறுபங்கை மட்டும் உட்புகவிடும் இணைப்பி ஒன்றை இடுக. அதன் வழியே சைகைப் பிறப்பாக்கியின் 145.000 மெகாஏட்சுச் சைகையை அனுப்புக. செலுத்தியை நிறுத்தி வைத்து, வாங்கியில் இரைச்சலும் ஓசையும் கலந்து குரல் தட்டுத் தடுமாறி விளங்கும் நிலை வரும் வரை சைகையைக் குறைத்து, அளவைக் குறித்துக்கொள்க. பின்னர்ச் செலுத்தியை இயக்குக. இரைச்சல் மாறாதிருப்பின் நிலையம் நலமுடையது. இரைச்சல் எழுந்து குரலை மூடுமாயின், பழைய நிலை மீளும் வரை சைகையைக் கூட்டி, எத்தனை தெசிபெல் கூட்ட நேர்ந்தது என்று குறிக்க. அவ்வெண்ணே நிலையத்தின் செவிட்டளவு. தடையற்ற வெளியில் 6 தெசிபெல் செவிடு கேட்கும் தூரத்தைப் பாதியாக்கும். செலுத்தியின் வலுவைக் கூட்டி இதனைத் தீர்க்கப் புகுதல், காது கேளாதவர் தாமே உரத்துப் பேசுவதை ஒக்கும். நிலையம் எங்கும் கேட்கும், அது யாரையுங் கேளாது. கையடக்கக் கருவி வைத்திருக்குந் தொண்டன் அதன் குரலைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டே, தன் அழைப்புக்கு விடையின்றி நிற்பான். வலுவைக் குறைக்குமாறு முன்னர்க் கூறியது இதனாலேயே.

இச்சோதனையை இருமுறை செய்தல் வேண்டும்: முதலிற் போலிச் சுமையோடு, அடுத்து ஏரியலோடு. போலிச் சுமையிற் செவிடு தோன்றின் குறை கொட்டகைக்குள்ளே இருக்கின்றது. குழிகளையும், பெட்டிகளின் மூடிகளையும், இடையிணைப்பு வடங்களையும் நோக்குக. ஒற்றைப் பின்னல் உறையுள்ள மலிந்த கோஅக்சியல் வடம் அலையைக் கசியவிடும். இரட்டை உறையுள்ளதே இங்கு உதவும். போலிச் சுமையில் நலமாயிருந்து ஏரியலிற் செவிடாயின், குறை கோபுரத்தில் உள்ளது. துருவேறிய ஆணியும், தளர்ந்த கம்பிக் கட்டும், நீர் புகுந்த இணைப்பியும் பேரலையின் கீழ் இரைச்சலைப் பிறப்பிக்கும். கடற்காற்று வீசும் நம்மூரில் இத்துரு விரைந்து பிடிக்கும். ஆதலின் மாரிக்கு முன்னொருமுறையும் பின்னொருமுறையும் அளந்து, திகதி, கொட்டகையின் வெப்பநிலை, செலுத்தியின் வலு, செவிட்டளவு ஆகிய நான்கையும் கொட்டகைச் சுவரில் தொங்கும் அப்பியாசக் கொப்பியில் எழுதிவைக்க. பின்வரும் மாணவன் கோபுரத்தில் ஏறவேண்டுமா, பேணியைத் திறக்கவேண்டுமா என்பதை அக்கொப்பியைப் பார்த்தே அறிந்துகொள்வான்.